3018 ரௌட்டரிலிருந்து 600 × 600க்கு: பெரிய வெட்டுப்பரப்புக்கான முழு வழிகாட்டி

செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கத்துத் தச்சுப் பட்டறைகளில் இப்போது அங்கங்கே ஒரு 3018 (கணினி சொல்படி மரம் வெட்டும் சின்ன சி.என்.சி. ரௌட்டர்) மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. பெயர்ப்பலகை, சாவிக்கொத்து, சின்னப் படச்சட்டம் வரை அது போதும். பூஜை அறைக் கதவுக்குப் பூவேலைப் பலகை வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றதும்தான் 300 × 180 மி.மீ. எவ்வளவு சிறியது என்று உறைக்கும். உயரமும் 45 மி.மீ.தான்.

உடனே தோன்றும் யோசனை, நீளமான கம்பி, நீளமான ஸ்க்ரூ வாங்கி மாட்டிவிடலாம் என்பது. ஒய் அச்சை (முன்பின் நகர்வு) மட்டும் 400 வரை நீட்டும் கிட் கிடைக்கிறது, அதுவரை பரவாயில்லை. எக்ஸையும் (இடவல நகர்வு) நீட்டப் போனால் காசு வீண். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

நீட்டினால் என்ன ஆகும்

3018இன் எக்ஸ் அச்சு இரண்டு 10 மி.மீ. கம்பிகளில் தொங்குகிறது. கம்பி வளைவது நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். நீளம் இரட்டிப்பானால் வளைவு எட்டு மடங்கு. இரு முனையிலும் சும்மா தாங்கப்பட்ட இரண்டு 10 மி.மீ. கம்பிகளின் நடுவில் 5 கிலோ எடை அளவுக்கு விசை விழுந்தால், 340 மி.மீ. நீளத்தில் சுமார் 0.2 மி.மீ. வளையும். அதே கம்பி 700 மி.மீ. என்றால் 1.8 மி.மீ. முனைகளை இறுக்கிப் பிடித்தால் இது குறையும், ஆனால் விகிதம் மாறாது. பிட் மரத்தில் இறங்கியதும் வட்டம் முட்டை வடிவமாவது இதனால்தான்.

அடுத்தது டி8 லீட் ஸ்க்ரூ, அதாவது சுழன்று அச்சை நகர்த்தும் 8 மி.மீ. மரைக்கம்பி. அதன் மரையின் அடிவிட்டம் சுமார் 6 மி.மீ. ஒரு முனையை மோட்டார் பிடித்து மறுமுனை சும்மா நிற்கும் 700 மி.மீ. ஸ்க்ரூ, நிமிடத்துக்கு 530 சுற்றுக்கு அருகில் கயிறுபோல் துள்ளத் தொடங்கும். அதில் 80 சதவீதத்தைப் பாதுகாப்பான எல்லையாக எடுத்துக்கொண்டால் 4 மி.மீ. லீடுக்கு (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 1,700 மி.மீ./நிமிடம்தான் வரும். தேக்கை ஒழுங்காக வெட்டவே 1,800 வேண்டும். ஸ்க்ரூ கொஞ்சம் கோணலாக வந்திருந்தால் இந்த எல்லையும் இறங்கும்.

மூன்றாவது, 3018இல் நகர்வது மேடை. மேடை 600 மி.மீ. நகர வேண்டுமானால் இயந்திரம் 1,200 மி.மீ. இடம் பிடிக்கும். மேடைமேல் ஏற்றும் பலகையின் எடையையும் மோட்டார்தான் இழுக்க வேண்டும். பெரிய இயந்திரத்தில் மேடை நிலையாக நிற்கட்டும், மேலே கேன்ட்ரி (பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலைத் தாங்கிப் போகும் பாலம்) நகரட்டும்.

ஆக, இது நீட்டிப்பு இல்லை, புது இயந்திரம். பழையதைப் பிரித்துவிடாதீர்கள். அதன் 10 மி.மீ. கம்பியும் 775 மோட்டாரும் இங்கே எதற்கும் உதவாது. ஆனால் கேன்ட்ரிப் பக்கத் தகடுகளுக்குத் துளை போடும் வார்ப்புருவை 3 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டித் தர அதைவிட நல்ல ஆள் கிடையாது. பிட்டுகள் இரண்டுக்கும் பொது; புது ஸ்பிண்டிலும் இ.ஆர்.11 என்றால் காலெட்டுகளும் (பிட்டைப் பிடிக்கும் கவ்வி) பொது. நீங்கள் பழகிய மென்பொருளும் அப்படியே தொடரலாம்.

எவ்வளவு பெரிது வேண்டும்

1,200 × 1,200 என்று கனவு காண்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ் நீளம்தான் விலையையும் வளைவையும் ஏற்றுகிறது. ஒய் நீளத்தை ஏமாற்ற வழி இருக்கிறது. முன், பின் குறுக்குச் சட்டங்களை மேடையின் மேல்மட்டத்துக்குக் கீழே வைத்துவிட்டால் பலகை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போகலாம். 7 அடிப் பலகை 2,134 மி.மீ.; அதை 600 மி.மீ. ஒய் நகர்வில் நான்கு தவணையாகத் தள்ளி வெட்டிவிடலாம். தவணைகள் பிசகாமல் சேர, மேடையில் 8 மி.மீ. டவல் குச்சிக்கு இரண்டு துளைகள், பலகையின் கழிவுப் பகுதியில் அதே இடைவெளியில் துளைகள் போதும்.

கதவின் உள்பலகை பெரும்பாலும் 2 அடி அகலத்துக்குள் அடங்கும். அதனால் கீழே வரும் கணக்கு முழுக்க 600 × 600 × 100 மி.மீ. (எக்ஸ், ஒய், மேல்கீழான இசட்) நகர்வுக்கு.

வாங்க வேண்டியவை

- அலுமினிய புரொஃபைல் 4080 (40 × 80 மி.மீ. சட்டம்): ஒய் பக்கத்துக்கு 900 மி.மீ. 2, கேன்ட்ரி உத்தரத்துக்கு 820 மி.மீ. 2
- 4040: குறுக்குச் சட்டத்துக்கு 5 துண்டு, எல்லாம் ஒரே வெட்டில் ஒரே நீளம்
- எச்.ஜி.ஆர்.15 ரயில்: 850 மி.மீ. 2, 800 மி.மீ. 2, 250 மி.மீ. 2, அதில் வழுக்கி ஓடும் எச்.ஜி.எச்.15 பிளாக் 12
- எஸ்.எஃப்.யு.1605 பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் மரைக்கம்பி; 16 மி.மீ. விட்டம், 5 மி.மீ. லீட்): 800 மி.மீ. 3 (ஒய்க்கு இரண்டு, எக்ஸுக்கு ஒன்று), 250 மி.மீ. 1
- பி.கே.12, பி.எஃப்.12 தாங்கி 4 ஜோடி, நட் ஹவுசிங் 4, மோட்டாரை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளர் 4 (ஸ்க்ரூ பக்கம் 10 மி.மீ., மறுபக்கம் உங்கள் மோட்டார் தண்டின் அளவு)
- நீமா 23 ஸ்டெப்பர் மோட்டார் 4, அவற்றை ஓட்டும் டி.எம்.542 டிரைவர் 4, 36 வோல்ட் 10 ஆம்பியர் பவர் சப்ளை 1
- 12 மி.மீ. அலுமினியத் தகடு: கேன்ட்ரியின் இரு பக்கம், எக்ஸ் தகடு, இசட் தகடு
- 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை, எமர்ஜென்சி ஸ்டாப், அச்சின் எல்லையைக் காட்டும் லிமிட் சுவிட்ச் 4 (எக்ஸ் 1, ஒய் 2, இசட் 1)

ரயில் நீளக் கணக்கு எளிது: நகர்வு + வண்டியின் (பிளாக்குகளும் அவற்றின்மேல் பூட்டிய தகடும்) நீளம் + இரு முனையிலும் 10 மி.மீ. எக்ஸ் வண்டி 160 என்றால் 600 + 160 + 20 = 780; ஆகவே 800. பால் ஸ்க்ரூவில் தாங்கிகளுக்காகக் கடைந்த முனைகள் சுமார் 65–70 மி.மீ. போய்விடும். 800 வாங்கினால் மரை 730தான். நட்டும் ஹவுசிங்கும் 50 மி.மீ. தின்ற பிறகு 680 மிஞ்சும், அது போதும். இந்தக் கழித்தலை மறந்து 700 வாங்கினால் நகர்வு 600ஐத் தொடாது.

புரொஃபைலைக் கடைக்காரரிடமே மெஷின் வெட்டில் கேளுங்கள். கோயம்புத்தூரிலிருந்து லாரி பார்சலில் வரவழைத்தாலும் சரி, கைரம்பத்தில் வெட்டிய முனை வேண்டாம். முனை சரியாக 90 பாகையில் இல்லையென்றால் போல்ட்டை இறுக்கும்போதே சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

சட்டம்

முதலில் சமதளமான இடம். பட்டறைத் தரையை நம்பாதீர்கள். கிரானைட் பலகையோ தடிமனான கண்ணாடியோ கிடைத்தால் அதன்மேல் கோர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு 4080 துண்டுகளையும் 80 மி.மீ. பக்கம் செங்குத்தாக நிற்குமாறு வையுங்கள். இடையில் 4040 குறுக்குச் சட்டங்களைச் சுமார் 200 மி.மீ.க்கு ஒன்றாக, மேல்மட்டம் தாழ்வாக வருமாறு கோர்த்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளை விரலால் மட்டும் இறுக்குங்கள். பிறகு மூலைவிட்டம் இரண்டையும் அளந்து, வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள் வரும்வரை தட்டித் தட்டிச் சரிசெய்து, நடுவிலிருந்து முனைகளை நோக்கி இறுக்குங்கள்.

மூலைமட்டம் முறுக்கைக் காட்டாது. அதற்கு நூல்தான். நான்கு மூலைக்கும் குறுக்காக இரண்டு நூலை ஒரே உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் லேசாக உரசிக்கொண்டால் சட்டம் நேர். இடைவெளி தெரிந்தாலோ ஒன்றையொன்று அழுத்தினாலோ ஒரு மூலை தூக்கியிருக்கிறது. அந்தக் காலடியில் தகடு செருகுங்கள். நூலை மேல்கீழ் மாற்றிப் போட்டு இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது.

உத்தரத்துக்கு 4080 ஒன்று போதும் என்று பல வரைபடங்கள் சொல்லும். 80 மி.மீ. முகத்தில் ஸ்லாட்டுகள் (போல்ட் மாட்டும் பள்ளங்கள்) 40 மி.மீ. இடைவெளியில்தான் இருக்கும், பிளாக்கின் அகலமோ 34. இரண்டு ரயிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுவே ஸ்க்ரூவுக்கு இடமே இருக்காது. இரண்டு 4080ஐ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பின்னால் 8 மி.மீ. தகட்டால் 200 மி.மீ.க்கு ஒரு போல்ட் வரிசையாகத் தைத்துவிட்டால் முகம் 160 மி.மீ. ஆகும். வெளி ஸ்லாட்டுகளின் இடைவெளி 120. வண்டி தலையாட்டாமல் இருக்க இந்த அகலம் தேவை.

ரயிலும் ஸ்க்ரூவும்

ரயிலுக்கு 60 மி.மீ.க்கு ஒரு துளை, எம்4 × 16 போல்ட். ஒரு ரயிலை மட்டும் நேர்விளிம்பு வைத்து முதலில் முழுதாக இறுக்குங்கள். இதுதான் மூல ரயில். இரண்டாவதைத் தளர்வாக வைத்து, வண்டித் தகட்டை நான்கு பிளாக்கிலும் பூட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளிக்கொண்டே போய், வண்டி நின்ற இடத்துக்குப் பக்கத்து போல்ட்டை இறுக்குங்கள். இரண்டு ரயிலையும் ஸ்கேலில் அளந்து இறுக்கினால் எங்காவது ஓரிடத்தில் வண்டி கனக்கும். விரலால் தள்ளும்போது கனமில்லாமல் ஓடவேண்டும்.

பிளாக்கை ரயிலிலிருந்து கழற்றுமுன் கூடவே வரும் பிளாஸ்டிக் துண்டை முனையில் பொருத்திக்கொள்ளுங்கள். பால் நட்டை ஸ்க்ரூவிலிருந்து கழற்றவே கழற்றாதீர்கள். குண்டுகள் கொட்டிவிட்டால் எண்ணிப் பொறுக்கி உள்ளே போட்டு முடிக்க ஒரு நாள் போய்விடும்.

பலரைத் தடுக்கி விழவைக்கும் ஓர் இடம் உண்டு. பி.கே.12 தாங்கியில் ஸ்க்ரூவின் மையம் அடித்தளத்திலிருந்து 25 மி.மீ.; நட் ஹவுசிங்கின் மையம் அதன் முகத்திலிருந்து 20 மி.மீ. இரண்டும் சேர்ந்து 45. ரயிலும் பிளாக்கும் சேர்ந்த உயரமோ 28தான். எக்ஸ் தகட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே 17 மி.மீ. தடிமனில் ஸ்பேசர் இல்லாமல் எதுவும் சேராது. தயாரிப்புக்குத் தயாரிப்பு இந்த அளவு கொஞ்சம் மாறும். பொருள் கைக்கு வந்து வெர்னியரில் அளந்த பிறகே தகடு வெட்டக் கொடுங்கள்.

ஸ்க்ரூவை இறுக்கும் வரிசை: முதலில் வண்டியை மோட்டார் பக்கம் கொண்டுபோய் பி.கே. தாங்கியை இறுக்குங்கள். பிறகு மறுமுனைக்குக் கொண்டுபோய் பி.எஃப். தாங்கியை இறுக்குங்கள். நட் ஹவுசிங் போல்ட் கடைசி. இதை முதலில் இறுக்கிவிட்டால் ஸ்க்ரூ வில்லாக வளைந்தே ஓடும். சில மாதத்தில் நட் ஆட்டம் கொடுக்கும்.

இசட்டில் இன்னொரு சமாசாரம். டி8 ஸ்க்ரூ மின்சாரம் போனாலும் அப்படியே நிற்கும். பால் ஸ்க்ரூ நிற்காது. ஸ்பிண்டிலின் எடை ஸ்க்ரூவைச் சுழற்றிக்கொண்டு இறங்கி, பிட் மேடையில் குத்தும். இயந்திரத்தை அணைக்குமுன் ஸ்பிண்டிலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மோட்டார், டிரைவர், வயரிங்

3018இன் மின்சுற்றுப் பலகையில் உள்ள சிறு டிரைவர்கள் நீமா 23க்கு வேண்டிய 2.8 ஆம்பியரைத் தாங்காது. ஒரு ஆர்டுயினோ ஊனோவில் (சிறு கட்டுப்பாட்டுப் பலகை) இயந்திரத்தை நடத்தும் ஜி.ஆர்.பி.எல். 1.1 மென்பொருளை ஏற்றி, அதிலிருந்து டி.எம்.542களுக்கு ஸ்டெப் (எவ்வளவு சுற்ற), டைரக்ஷன் (எந்தத் திசை) வயர் எடுப்பது குறைந்த செலவு. ஊனோவின் பின்களில் எக்ஸ், ஒய், இசட் ஸ்டெப் முறையே 2, 3, 4, டைரக்ஷன் 5, 6, 7, மோட்டாரை இயக்கும் இனேபிள் 8.

இரண்டு ஒய் டிரைவருக்கும் ஒரே ஸ்டெப், டைரக்ஷன் வயர் போகட்டும். ஒரு மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் அதன் ஒரு காயிலின் இரண்டு வயரை மட்டும் இடம் மாற்றினால் போதும். இந்த அமைப்பில் இரண்டு ஒய் சுவிட்சையும் தொடர் இணைப்பாக ஒரே பின்னுக்குத்தான் கொடுக்க முடியும். கேன்ட்ரியைத் தானாக நேராக்கும் வசதி வழக்கமான ஜி.ஆர்.பி.எல். 1.1இல் அணைந்தே இருக்கும், அதற்கு எளிய வழி இ.எஸ்.பி.32 பலகையில் ஓடும் ஃப்ளூயிட்.என்.சி. மென்பொருள். அதில் இரண்டு ஒய் மோட்டாருக்கும் தனித்தனி சுவிட்ச் வைக்கலாம். ஆனால் அது தருவது 3.3 வோல்ட் சிக்னல், டி.எம்.542 எதிர்பார்ப்பது 5. நடுவே 74எச்.சி.டி.245 போன்ற ஒரு பஃபர் சிப் வைக்காவிட்டால் மோட்டார் ஓடுவதுபோலத் தெரியும், அவ்வப்போது ஸ்டெப் விழுங்கும்.

மின்னோட்டத்தை டிரைவரின் டிப் சுவிட்சில் (சின்னப் பொத்தான் வரிசை) 2.84 ஆம்பியருக்கு வையுங்கள். சுற்றுக்கு 1,600 பல்ஸ். மோட்டாரின் ஒவ்வொரு ஸ்டெப்பையும் எட்டாகப் பிரிப்பது (மைக்ரோஸ்டெப்) எதற்கு, பதினாறு வைத்தால் துல்லியம் கூடாதா என்று கேட்கலாம். ஜி.ஆர்.பி.எல். ஊனோவில் நொடிக்கு சுமார் 30,000 ஸ்டெப்தான் தரும். 1,600 பல்ஸ், 5 மி.மீ. லீட் என்றால் மில்லிமீட்டருக்கு 320 ஸ்டெப். நிமிடத்துக்கு 5,000 மி.மீ. ஓட நொடிக்கு 26,700. பதினாறு வைத்தால் 53,000 ஆகிவிடும், வேகம் பாதியாகும். மில்லிமீட்டருக்கு 320 ஸ்டெப்பே தாராளம்.

லிமிட் சுவிட்சை நார்மலி குளோஸ்டாக (தொடாதபோது மின்சாரம் ஓடும்படி) வயர் செய்யுங்கள். வயர் அறுந்தால் இயந்திரம் நிற்கும். மாற்றிச் செய்தால் அறுந்தது தெரியாமலே மோதும். ஒவ்வொரு பின்னிலும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஸ்பிண்டில் வயரும் சுவிட்ச் வயரும் ஒரே கேபிள் சங்கிலியில் ஒட்டிப் போகக் கூடாது. வேலை நடுவே காரணமில்லாமல் அலாரம் அடித்து நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஜி.ஆர்.பி.எல்.இல் உள்ளிட வேண்டிய எண்கள்:

- $100, $101, $102 = 320 (மில்லிமீட்டருக்கு ஸ்டெப்; எக்ஸ், ஒய், இசட் வரிசை)
- $110, $111 = 4000; $112 = 1500 (உச்ச வேகம்)
- $120, $121 = 200; $122 = 100 (முடுக்கம்)
- $130, $131 = 600; $132 = 100 (நகர்வு எல்லை)
- $1 = 255 (மோட்டார் எப்போதும் பிடித்திருக்கும்)
- $5 = 1 (நார்மலி குளோஸ்டு சுவிட்சுக்காக)
- $22 = 1 (தொடக்க இடம் தேடுவது), பிறகு $20 = 1, $21 = 1 (எல்லை தாண்டாமல் நிறுத்துவது)

முடுக்கத்தை 200இல் தொடங்கி ஐம்பது ஐம்பதாக ஏற்றுங்கள். மோட்டார் உறுமி நின்றால் அங்கிருந்து நூறு குறைத்துவிடுங்கள்.

ஸ்பிண்டில்

65 மி.மீ. உடல் கொண்ட 700 வாட் டிரிம் ரௌட்டர் செலவு குறைந்தது, சத்தம் அதிகம், கார்பன் பிரஷ் தேயும். நாளுக்கு ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு அது போதும். தொழிலாக ஓட்டினால் 1.5 கிலோவாட் ஏர்கூல் ஸ்பிண்டிலும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. பெட்டியும். வி.எஃப்.டி.யைப் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் அப்படியே ஓட்டாதீர்கள். பல யூனிட்டுகள் 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கென அமைந்தே வரும். உச்ச அதிர்வெண்ணையும் மோட்டாரின் அடிப்படை அதிர்வெண்ணையும் 400 ஹெர்ட்ஸ் (24,000 சுற்று) ஆக்குங்கள், கீழ் எல்லை 100 ஹெர்ட்ஸ். அடிப்படை 50இல் நின்றால் குறைந்த வேகத்திலேயே முழு வோல்ட்டேஜ் போய் ஸ்பிண்டில் கருகும். 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டாதீர்கள், 16 ஆம்பியர் தனி லைன் இழுங்கள், எர்த் கட்டாயம்.

நேர்ப்படுத்துவது

ஸ்பிண்டில் செங்குத்தா என்று பார்க்க டயல் கேஜை ஒரு கையில் மாட்டிக் காலெட்டில் பிடித்து, 100 மி.மீ. ஆரத்தில் கையால் சுற்றுங்கள். 200 மி.மீ. குறுக்கே 0.05க்குள் வந்தால் போதும். டயல் இல்லையென்றால் வளைத்த கம்பியின் முனைக்கும் மேடைமேல் வைத்த கண்ணாடிக்கும் நடுவே ஒரு தாள் செருகி, நான்கு பக்கமும் ஒரே பிடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேன்ட்ரி நேர்தானா என்பதற்கு ஒரு எம்.டி.எஃப். பலகையில் 500 × 500 சதுரத்தின் நான்கு மூலையிலும் துளை போடுங்கள். மூலைவிட்டம் 707.1 மி.மீ. வரவேண்டும். இரண்டு மூலைவிட்டத்துக்கும் வித்தியாசம் 1 மி.மீ. என்றால் 500 மி.மீ.க்கு 0.7 மி.மீ. கோணல். ஒய் ரயில்களுக்கு இடையே 850 மி.மீ. என்றால் கேன்ட்ரியின் ஒரு பக்கத்தை 1.2 மி.மீ. நகர்த்த வேண்டும். அந்தப் பக்கத்துக் கப்ளரைத் தளர்த்தி ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பினால் (கால் சுற்று 1.25 மி.மீ.) சரியாகிவிடும். நேரான பின் ஒய் முனையில் இரண்டு நிறுத்தக் கட்டைகளை இறுக்கிவிடுங்கள். தினமும் மின்சாரம் போடுமுன் கேன்ட்ரியைக் கையால் இரண்டு கட்டையிலும் முட்ட வைத்தால் ஒரே ஒய் சிக்னலில் ஓடும் இயந்திரமும் நேராகவே தொடங்கும்.

$100ஐத் திருத்தும் ஆசையை அடக்குங்கள். வெட்டிய துண்டை அளந்து திருத்துபவர்கள் உண்மையில் பிட்டின் விட்டப் பிழையைத் திருத்துகிறார்கள். வெறுமனே 500 மி.மீ. ஓடவிட்டு எஃகு ஸ்கேலில் அளந்து, 499 வந்தால் மட்டும் 320 × 500 ÷ 499 = 320.64 என்று மாற்றுங்கள்.

மேடையும் சாரலும்

ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் காற்று இறங்கும்போது எம்.டி.எஃப். மேடை ஊறிப் பருக்கும். பலகையைப் பூட்டுமுன் இரண்டு முகத்திலும், முக்கியமாக நான்கு விளிம்பிலும், வுட் சீலர் இரண்டு கோட் பூசுங்கள். பிறகு 25 மி.மீ. சர்ஃபேஸிங் பிட்டில் 12,000 சுற்று, வரிக்கு வரி 15 மி.மீ. நகர்வு, 0.4 மி.மீ. ஆழத்தில் மேடையைச் சீவி, சீவிய முகத்தில் மீண்டும் ஒரு கோட். சாரல் தொடங்கியதும் ஒரு முறை, ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒரு முறை சீவல் தேவைப்படும். ரயிலிலும் ஸ்க்ரூவிலும் அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணி போடுங்கள். மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்தால் பசையாகும், ஆகவே பழையதைத் துடைத்த பிறகே புதுசு.

முதல் வெட்டு

6 மி.மீ. இரண்டு ஃப்ளூட் (வெட்டுப் பல்) கார்பைடு பிட், 18,000 சுற்று, ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ.: 18,000 × 2 × 0.05 = 1,800 மி.மீ./நிமிடம். தேக்கில் ஆழம் 3 மி.மீ.யில் தொடங்குங்கள். தேக்கில் சிலிக்கா உண்டு, எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட் சீக்கிரம் மழுங்கும், கார்பைடே போடுங்கள். தூள் மாவாக வந்து மரம் கருகினால் ஓட்ட வேகம் போதவில்லை. சுற்றைக் குறையுங்கள் அல்லது ஓட்டத்தைக் கூட்டுங்கள். சுவரில் அலை அலையாக வரி விழுந்தால் எங்கோ ஆட்டம் இருக்கிறது: இசட் தகடு போல்ட், பிறகு காலெட், பிறகு உத்தரம் என்ற வரிசையில் கையால் அசைத்துப் பாருங்கள். வட்டம் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரவில்லையென்றால் கப்ளர் திருகு நழுவுகிறது.

கொல்லம் பக்கத்திலிருந்து வரும் ரப்பர் மரம் இந்த இயந்திரத்துக்கு மிருதுவாக வெட்டும், விலையும் தாழ்வு. ஆனால் சூளையில் உலர்த்திப் போரான் மருந்து ஏற்றியதாகக் கேட்டு வாங்குங்கள். பச்சையாக வந்த பலகை மேடையில் தட்டையாக இருக்கும், வெட்டி எடுத்து இரண்டு நாளில் கிண்ணம்போல் குழிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஈரப்பத மீட்டரைக் குத்திப் பாருங்கள். 14 சதவீதத்துக்கு மேல் காட்டும் பலகையை இன்னும் சில வாரம் இடைக்கட்டை வைத்து நிழலில் அடுக்கிவிட்டு, அடுத்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.